கணக்குக் காட்டாதாரும் கலைக்கப்பட்ட அவைகளும் – கொல்லிமலையிலிருந்து ஒரு பார்வை

முன்னுரை

காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேல்தளத்தை அடைவோர், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் காண்பர். சங்க இலக்கியம் பயில்வோர்க்கு இம்மலை ஏட்டில் படித்த இடத்தைக் கண்ணால் காணும் பேற்றை நல்குவது. நம் துறை மாணவருடன் நாமும் ஒருமுறை அங்கே சென்றோம். சிலையின் அருகே நின்று ஓரியின் வில்லாற்றலையும் கொடைத்திறத்தையும் எடுத்துரைத்து முடித்தவேளையில் மாணவர் ஒருவர் வினா ஒன்றை எழுப்பினார். ஓரி நல்லவன், ஆகவே வாரி வழங்கினான். நல்லவன் அல்லாத ஒருவன் இம்மலையை ஆண்டிருப்பின், அவனிடம் கணக்குக் கேட்பதற்கு மலைமக்களுக்கு என்ன வழி இருந்தது என்பதே அவ்வினா.

அவ்விடத்திலேயே விடை பகர நம்மால் இயலவில்லை. கீழே இறங்கிய பின்னரும் அவ்வினா நம்மை விடவில்லை. ஆட்சியாளர் பொதுப்பொருளைத் தவறாகக் கையாளும்போது மக்கள் செய்யத்தக்கது யாது? தவறு நேர்ந்த பின்னர் மக்களாட்சி அமைப்புகளை மீண்டும் நிலைநிறுத்துவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் தமிழக வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைமாறிய மலை

ஓரியைப் பாடிய புலவருள் வன்பரணர் குறிப்பிடத்தக்கவர். வேட்டையாடிய இறைச்சியையும் தேனையும் பொன்னையும் இரவலர்க்கு ஈந்துவிட்டுத் தன் பெயரையும் கூறாது நாணி நின்ற வேடனாக ஓரியைப் புறநானூற்றில் அவர் காட்டுகிறார். பெயருக்காகக் கொடுக்காத பெருந்தகைமை அது. ஆயினும் அவ்வாட்சியின் நன்மை முழுவதும் ஓரி என்னும் ஒரு மனிதனின் உள்ளத்தையே சார்ந்திருந்தது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

அம்மனிதன் மறைந்ததும் நேர்ந்தது என்ன? முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகின்றது. கொன்றவன் கொடுத்தான், வென்றவன் கொண்டான். அம்மலையில் தினை விதைத்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த மக்களை எவரேனும் கேட்டனரா என்பது பற்றிப் பாடலில் குறிப்பில்லை. மலை, மன்னர்தம் கைகளில் மாறிய ஒரு பொருளாகவே அங்கே தோன்றுகின்றது.

அக்காலத்தில் ஆட்சியாளரைத் தட்டிக் கேட்பாரே இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. பாண்டியன் அறிவுடை நம்பியிடம் சென்று வரி கொள்ளும் முறையை அறிவுறுத்திய பிசிராந்தையாரை நாம் அறிவோம். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுள் புகுந்தால் அது உண்பதைக் காட்டிலும் அதன் கால்பட்டு அழிவதே மிகுதி என்பது அவர் காட்டிய உவமையின் கருத்து. பொதுப்பொருள் எங்ஙனம் அழிகின்றது என்பதை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. எனினும் கேட்டவர் புலவர். கேட்கச் செவி சாய்த்தவன் மன்னன். மன்னன் செவி சாய்க்க மறுத்திருப்பின் புலவரால் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை. அறிவுரை இருந்தது, அதனை நிறைவேற்றும் அமைப்பு இல்லை. அத்தகைய அமைப்பு ஒன்று எழுத்து வடிவில் நமக்குக் கிடைப்பது சோழர் காலத்தில்தான்.

உத்திரமேரூர் கண்ட வழி

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வழியே வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. பள்ளிப் பாடங்களில் குடமும் ஓலையும் சீட்டெடுக்கும் சிறுவனும் இடம்பெறுவதால் அம்முறையை அனைவரும் அறிவர். ஆயின் நம் வினாவுக்கு விடை குடத்தில் இல்லை. யார் யார் பெயரைக் குடத்தில் இடலாகாது என்ற விலக்குப் பட்டியலில் உள்ளது.

முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்கின்றது கல்வெட்டு. அவர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன் முதலிய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். தான் விலக்கப்பட்டால் தன் மகனை நிறுத்துவோம், மருமகனை நிறுத்துவோம் என்ற எண்ணத்திற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூரார் தாழிட்டுவிட்டனர். வாரியத்தின் காலம் 360 நாள் என வரையறுக்கப்பட்டது. இடையில் குற்றம் காணப்பட்ட உறுப்பினரை அப்போதே நீக்கவும் விதி இருந்தது.

இங்கே இரண்டு செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கன. முதலாவது, 919இல் செய்த விதி போதாதென்று உணர்ந்து இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்தினர். அமைப்பில் ஓட்டை கண்டபோது அமைப்பைத் துறக்கவில்லை, ஓட்டையை அடைத்தனர். இரண்டாவது, தவறு செய்தவர் விலக்கப்பட்டார், வாரியம் நின்றது. ஏரி வாரியத்தில் ஒருவர் பிழை செய்தார் என்பதற்காக ஏரி வாரியமே வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. ஏரிக்குக் கரை வேண்டும்; கரைக்கு வாரியம் வேண்டும்; வாரியத்திற்குக் கணக்கு வேண்டும். இத்தொடர்ச்சியை அவர்கள் அறிந்திருந்தனர்.

பழம்பெருமை பேசும் ஆர்வத்தில் குறையை மறைத்தலும் கூடாது. அது அந்தணர் ஊரின் சபை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம் உண்டு. பெண்டிர்க்கு இடமில்லை, ஏரைப் பிடித்த உழவர்க்கும் இடமில்லை. ஆகவே யார் அவையில் அமரலாம் என்பதற்கு உத்திரமேரூர் நமக்கு வழிகாட்டி அன்று. அவையில் அமர்ந்தவர் எங்ஙனம் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கே அது வழிகாட்டி.

சென்னை தந்த பாடம்

உத்திரமேரூரார் அவையைக் காத்து ஆளை விலக்கினர். அதே தொண்டை நாட்டில், நம் காலத்தில், இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1688இல் தோற்றுவிக்கப்பட்ட சென்னை மாநகராட்சி இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி. 1973இல் அங்கே மஸ்டர் ரோல் ஊழல் வெளிப்பட்டது. மஸ்டர் ரோல் என்பது நாட்கூலித் தொழிலாளரின் வருகையைப் பதியும் ஏடு. வேலை செய்யாதவர், இல்லாதவர் ஆகியோரின் பெயர்களை அவ்வேட்டில் எழுதிக் கூலி பெறப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. பொதுப்பணம் களவு போயிற்று. நடவடிக்கை தேவை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

எடுக்கப்பட்ட நடவடிக்கை யாது? 1973 டிசம்பரில் மாமன்றமே கலைக்கப்பட்டது. மாநகர் தனி அலுவலரின் ஆளுகைக்குள் வந்தது. மீண்டும் தேர்தல் நடந்தது 1996இல். இடைப்பட்ட ஏறத்தாழ 23 ஆண்டுகளில் மாநில ஆட்சி பலமுறை மாறியது. எக்கட்சி ஆட்சியாயினும் மாமன்றம் மட்டும் திரும்பவில்லை. 1973இல் பிறந்த சென்னைக் குழந்தை, தன் நகராட்சிக்கு முதன்முறை வாக்களிக்கும்போது அதற்கு வயது 23.

நோய்க்கு மருந்து கொடுப்பதாகக் கூறி நோயாளியை வீட்டை விட்டே அனுப்பியதற்கு இது ஒப்பாகும். தவறு செய்த உறுப்பினரோடு தவறு செய்யாத உறுப்பினரும் வெளியேறினர். அவர்களோடு, அவர்களைக் கேட்கும் உரிமை பெற்றிருந்த வாக்காளரும் வெளியேறினர். தனி அலுவலர் நேர்மையாளராக இருக்கலாம்; திறமையாளராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டது தமக்கு மேலிருப்பவர்க்கு. தெருவில் இருப்பவர்க்கு அன்று. அடுத்த ஆண்டு அவர் மாற்றலாகிச் செல்வார். அவர் காலத்துச் செலவைப் பற்றிக் கேட்க ஒருவர் வருவாராயின், கேட்கப்படும் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருப்பார்.

சிற்றூர்களின் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று. 1970இல் தமிழகத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1986இல். அதன் காலம் 1991இல் முடிந்தபின் மீண்டும் 1996 வரை இடைவெளி. இவ்விடைவெளிகளைத் தடுப்பதற்கென்றே 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் தெளிவான விதிகளை வகுத்தன. ஊராட்சியின் காலம் ஐந்து ஆண்டு, அதற்கு மேற்படாது. காலம் முடியுமுன் தேர்தல் நடத்தப்படல் வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்திற்குள் தேர்தல் வேண்டும். 23 ஆண்டுக் காத்திருப்பு இனி ஒருபோதும் நேராது என்பதே அவ்விதிகளின் உள்ளக்கிடக்கை. அவ்வுள்ளக்கிடக்கை நிறைவேறியதா என்பதைக் காண மீண்டும் மலையேறுவோம்.

நாடுகளின் மலை

கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள் உள்ளன. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு எனப் பலவற்றின் பெயர் 'நாடு' என்றே முடிகின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது ஊர்கள் பல சேர்ந்த ஆட்சிப் பிரிவு; அதன் அவையினர் நாட்டார். சமவெளியில் வழக்கிழந்த அச்சொல் இம்மலையில் இன்றும் ஊராட்சிகளின் பெயரில் வாழ்வது தமிழ் மாணவர் போற்றத்தக்க செய்தி.

இம்மலையில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர்தம் தாய்மொழி தமிழ். ஊர்க்கவுண்டர் தலைமையில் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் மரபு இவர்களிடம் உண்டு. அம்மரபில் ஊர்ப்பெரியவர்க்கு மதிப்பு இருந்தது. பெண்களுக்குத் தலைமை இல்லை. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி நடந்த 1996ஆம் ஆண்டுத் தேர்தல், பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் ஊராட்சியில் உரிய இடத்தைச் சட்டத்தால் உறுதி செய்தது. மன்னர்கள் கைமாற்றிய மலையில், மலைமக்கள் தம் தலைவரைத் தாமே தெரிந்தெடுக்கும் நிலை உருவாயிற்று. பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது.

அதே 2016இல்தான் இடர் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, விதிகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்று கூறி அக்டோபர் 4ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. பழங்குடியினர்க்கான இடஒதுக்கீட்டில் குறை உண்டு என்பது அவ்வழக்கில் முன்வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. அவ்வாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்துமாறு நீதிமன்றம் பணித்தும் அது நடக்கவில்லை. நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30ஆம் நாள்களில். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இல்லை என்னும் காரணத்தால் ஒன்றிய நிதி ஆணையத்தின் மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. பழங்குடியினர் உரிமையில் குறை உண்டு என்று தொடங்கிய வழக்கின் முடிவில், பழங்குடியினர் வாழும் மலையில் ஊராட்சி மன்றமே இல்லாத மூன்றாண்டுகள் கழிந்தன. இதனினும் கசப்பான முரண் வேறு உண்டோ?

2020 சனவரியில் பொறுப்பேற்ற உறுப்பினர்தம் காலம் 2025 சனவரி 5ஆம் நாள் முடிவுற்றது. அதற்குமுன் தேர்தல் நடத்தப்படவில்லை. மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இம்முறை ஆட்சியிலிருந்த கட்சி வேறு; விளைவு ஒன்றே. குறை ஒரு கட்சியிடம் மட்டும் இல்லை என்பதை இதனால் அறிகிறோம். அவை இல்லாமையை ஓர் இழப்பாக உணராத நம் பழக்கத்திலும் அக்குறை உள்ளது.

ஒரே ஏடு, இரு வழிகள்

அவை இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. 1973இல் சென்னையில் அவை இருந்தபோதுதானே ஊழல் நடந்தது? இவ்வினாவுக்கு விடை தர, அதே மஸ்டர் ரோல் ஏட்டினை வேறுவகையில் எதிர்கொண்ட மற்றொரு மாநிலத்தைக் காண்போம்.

இராசத்தானத்தில் அருணா ராய் முதலியோர் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு, வறட்சி நிவாரணப் பணிகளில் கூலி குறைத்துக் கொடுக்கப்படுவதைக் கண்டது. அவ்வமைப்பினர் மன்றத்தைக் கலைக்குமாறு கேட்கவில்லை. ஏட்டின் படியைக் கேட்டனர். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் சிற்றூரில் மக்களைக் கூட்டி, அவ்வேடுகளில் இருந்ததை உரக்கப் படித்தனர். படிக்கப் படிக்க, வேலைக்கே செல்லாதவர்தம் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. தாளில் மட்டும் கட்டப்பட்ட பணிகளும் வெளிப்பட்டன. எழுத்தறியாதாரும் தம் பெயரைக் காதால் கேட்டு உண்மை உரைத்தனர். 1996இல் பியாவரில் நாற்பது நாள் அறப்போராட்டம் தொடர்ந்தது. அவ்வியக்கம் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வித்திட்ட முயற்சிகளுள் முதன்மையானது. தமிழகம் 1997லேயே இத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் என்பதையும் இங்கே நினைவு கூர்தல் தகும். விலக்குகள் மிகுந்திருந்தமையால் அச்சட்டம் பெரும்பயன் விளைக்கவில்லை.

ஏடு ஒன்றே, கையாண்ட வழி இரண்டு. ஓரிடத்தில் ஏடு ஊழலாயிற்று; அவை மூடப்பட்டது. மற்றோரிடத்தில் ஏடு ஊழலாயிற்று, அவை திறக்கப்பட்டது. முன்னதில் மக்கள் பார்வையாளராயினர். பின்னதில் மக்களே சான்றுரைப்போர் ஆயினர்.

மீண்டும் கட்டுதல்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், சிதைந்த நிறுவனத்தை மீண்டும் கட்டுதற்கு மூன்று தூண்கள் தேவை என்பது புலனாகும்.

முதலாவது, தனியாள் மீது நடவடிக்கை. குற்றம் செய்த ஊராட்சித் தலைவரை விசாரித்து, மன்றத்தின் கருத்தையும் அறிந்து நீக்கும் வழியை ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு தருகின்றது. முறையீடுகளைக் கேட்க உள்ளாட்சி முறைமன்ற நடுவம் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. லோக் ஆயுக்தாச் சட்டம் 2018இல் வந்தது. ஆளை விலக்கச் சட்டம் இருக்கும்போது அவையை விலக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, தவறாத தேர்தல். அறுவடை நாள் போலத் தேர்தல் நாளும் ஐயமின்றி வருதல் வேண்டும். வாக்குக் கேட்டு மீண்டும் மக்களிடம் வரவேண்டும் என்னும் எண்ணமே ஒருவரைக் கணக்கு எழுதச் செய்யும். அந்நாள் வருமோ வாராதோ என்னும் நிலையில் அவ்வெண்ணம் தளரும்.

மூன்றாவது, மக்கள் முன்னிலையில் கணக்கைப் படித்தல். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022இல் அது ஆறாக உயர்த்தப்பட்டது. வரவு செலவைக் கேட்கும் உரிமை அங்கே ஒவ்வொரு வாக்காளர்க்கும் உண்டு. தனி அலுவலர் காலத்திலும் அவ்வுரிமை அழிவதில்லை. ஆயின் மலையில் இதற்குத் தனி இடர்ப்பாடு உள்ளது. சிற்றூர்கள் பள்ளத்தாக்குகளுக்கு அப்பால் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் சபை கூடினால் மற்றோர் ஊரினர் ஒரு நாள் கூலியை இழந்து நடந்து வர வேண்டும். கணக்கு மக்களிடம் செல்லாதாயின், மக்கள் கணக்கிடம் செல்வது அரிது. ஆகவே ஒவ்வொரு சிற்றூரின் செலவும் அச்சிற்றூரிலேயே படிக்கப்படல் வேண்டும் என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் சட்டத்தின் குறை ஒன்றையும் சுட்டுதல் கடன். பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குச் சிறப்பு அதிகாரம் வழங்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே உரியது. தமிழகத்தில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையில் பாக்சைட் வெட்டப்பட்டபோது, மலைமக்களின் சபைக்கு அச்சட்டத்தின் துணை இல்லை. காரி கொடுத்த மலையைச் சேரன் கொண்ட காலத்தில் கேட்கப்படாத மக்களின் வழித்தோன்றல்கள் இன்னும் முழுமையாகக் கேட்கப்படவில்லை என்றே கூறத் தோன்றுகின்றது.

முடிவுரை

மாணவர் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஓரியின் காலத்தில் வழி இல்லை. மன்னனின் நற்பண்பே மக்களின் காப்பு. உத்திரமேரூரில் சிலர்க்கு வழி இருந்தது. இன்று சட்டப்படி அனைவர்க்கும் வழி உண்டு. அவ்வழியில் நடப்போர் குறைவாக இருப்பதும், அவ்வழியை அடிக்கடி அடைத்துவைப்பதுமே நம் குறை.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை நம் ஊர்ப் பெரியோர் 'அமானிதம்' என்பர். அதனைக் கேட்ட நாளில் குறையாது திருப்பித் தருபவரே நம்பிக்கைக்குரியவர். பொதுப்பணமும் அத்தகையதே. கேட்க வருபவரைப் பகைவராக எண்ணுபவர் அமானிதத்தைத் தம் உடைமையாக எண்ணத் தொடங்கிவிட்டார் என்று கொள்ளலாம்.

இது ஊராட்சிக்கு மட்டும் உரிய பாடமன்று. மாணவர் மன்றம், கூட்டுறவுச் சங்கம், ஜமாஅத் நிர்வாகம், கல்விக் குழு என நாம் அமரும் அவைகள் பல. அவற்றில் பொறுப்பு வகித்தவர் கணக்கைப் படித்துவிட்டு இறங்குதலும், கேட்பவர் சினமின்றிக் கேட்டலும், பிழை கண்டவிடத்து ஆளை மாற்றி அவையைக் காத்தலும் பழக்கமாதல் வேண்டும். சிறு அவைகளில் இதனைப் பழகியவரே பெரிய அவைகளில் இதனைக் கேட்பர்.

அடுத்த கிராம சபை நாளில் நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் சென்று அமர்க. கடந்த ஆண்டின் வரவு செலவை உரக்கப் படிக்குமாறு பணிவுடன் கேட்க. படிக்கப்படுவதை இறுதிவரை செவிமடுக்க. செம்மேட்டுச் சிலையின் அருகே எழுந்த வினாவுக்கு, நாம் எழுதிய இக்கட்டுரையினும் அச்செயலே முழுமையான விடையாகும்.